ஃபித்ரா அரிசியும் உலை அரிசியும்

2024ஆம் ஆண்டு ரமலானின் கடைசிப் பத்து. இருபத்தெட்டாம் நோன்பன்று அஸர் தொழுதுவிட்டு வந்து, காயல்பட்டினத்தில் நமது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஃபித்ரா அரிசி அளந்துகொண்டிருந்தோம். வீட்டில் ஒன்பது தலை. தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது இன்றைய நிறுவையில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பஜாரிலிருந்து கிலோ 52 ரூபாய் விலையில் ஒரு சிப்பம் அரிசி வந்திருந்தது. அளந்து அளந்து பைகளில் கொட்டிக்கொண்டிருக்கையில், நமது கடைசி மகள், பன்னிரண்டு வயதுப் பெண், ஒரு கை அரிசியை அள்ளி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வாப்பா, இது மருந்தடிச்ச அரிசிதானே? நஞ்சுன்னு சொல்லி உம்மா நம்ம வீட்டுல இதை ஆக்கிறதே இல்லையே. இதை ஏன் ஏழைங்களுக்குக் கொடுக்கிறோம்?"

அளந்த கை நின்றுவிட்டது.

குழந்தை சொன்னதில் தவறில்லை. நமது வீட்டம்மாளுக்குச் சர்க்கரை நோய் கண்ட நாள் முதல், மூன்று ஆண்டுகளாக நமது உலையில் வேகுவது தூத்துக்குடி இயற்கை அங்காடியிலிருந்து வரும் மாப்பிள்ளைச் சம்பா. கிலோ 130 ரூபாய். கடைத்தெரு அரிசியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'நஞ்சு' என்ற சொல் நமது வீட்டில் தாராளமாகப் புழங்கும். நாமும் அதைச் சொல்லியிருக்கிறோம். பலர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறோம். ஆனால் ஃபித்ரா என்று வந்தபோது, கை தானாகவே 52 ரூபாய்ச் சிப்பத்தை நோக்கிப் போயிருக்கிறது. மூன்று ரமலானிலும் அப்படியே. அதை ஒரு முரண்பாடாக வீட்டில் பெரியவர் எவரும் கண்டதில்லை.

"ஊரார் பெருவாரியாகச் சாப்பிடுகிற தானியம்தான் ஃபித்ராவுக்குரியது, அதுதான் சட்டம்" என்று சொல்லி மகளை அனுப்பிவிட்டோம். சொன்னது உண்மையே. நமது கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஊரின் பிரதான உணவு எதுவோ அதிலிருந்து ஒரு ஸாஉ கொடுத்தால் கடமை நிறைவேறிவிடும். அதைவிட உயர்ந்ததைக் கொடுத்தால் அது மேலும் சிறப்பு. ஆனால் அதே சட்டநூல்களில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. புழு அரித்தது, மக்கியது, குணம் கெட்டது ஆகிய தானியம் ஃபித்ராவாகச் செல்லாது. அன்றிரவு தராவீஹுக்குப் பின் படுத்தபோது இந்த இரண்டாவது நிபந்தனைதான் உறங்கவிடவில்லை. நாம் நஞ்சு என்று நம்புகிற ஒன்று குணம் கெட்டதில் சேருமா, சேராதா?

மறுநாள் சுப்ஹுக்குப் பின் நமக்குப் பழக்கமான ஓர் ஆலிம் பெருமகனாரிடம் கேட்டோம். ஊரில் அனைவரும் உண்ணும் அரிசியை ஊர் வழக்கு குற்றமுடையதாகக் கருதவில்லை, ஆகவே ஃபித்ரா நிறைவேறிவிட்டது என்று தயக்கமின்றிச் சொன்னார். பிறகு சற்றே புன்னகைத்து, "சட்டத்தைக் கேட்க வந்தீங்களா, அல்பகரா 267ஐக் கேட்க வந்தீங்களா?" என்றார்.

அந்த வசனத்தை அறியாதார் நம்மில் குறைவு. நல்லவற்றிலிருந்து செலவிடுங்கள், உங்களுக்கே ஒருவர் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கிக்கொள்ள மாட்டீர்களே, அப்படிப்பட்ட கழிவைத் தேடியெடுத்துத் தருமம் செய்யாதீர்கள் என்பது அதன் கருத்து. அது இறங்கிய சந்தர்ப்பத்தையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மதீனாவில் பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்ஸாரித் தோழர்கள் பழக்குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களான ஏழை முஹாஜிர்கள் பசித்தபோது அதிலிருந்து உதிர்த்து உண்பார்கள். சிலர் மட்டும் சதைப்பற்றில்லாத உலர்ந்த குலைகளைக் கொண்டுவந்து நல்ல குலைகளின் நடுவே தொங்கவிட்டுப் போனார்கள். அவர்கள் கொடுக்காமல் இருக்கவில்லை. கொடுத்தார்கள், தாங்கள் உண்ணாததைக் கொடுத்தார்கள்.

ஆகவே நமக்கு முன்னால் இரண்டே வழிகள் தெரிந்தன. ஒன்று, கடைத்தெரு அரிசி உண்மையிலேயே தீயது என்றால், அதை ஏழைக்கு அளந்தது வஞ்சனை. அல்லது அது தீயதன்று என்றால், அல்லாஹ் ஆகுமாக்கிய உணவை மூன்று ஆண்டுகளாக நஞ்சென்று தூற்றிய நமது நாவு குற்றவாளி. அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை நீங்களாக விலக்கிக்கொள்ளாதீர்கள் என்று அல்மாயிதாவின் 87ஆம் வசனம் எச்சரிப்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டில் எது என்று பார்த்துவிடுவோம் எனத் துணிந்து சில மாதங்கள் விசாரித்தோம். அறிந்தவற்றை ஈண்டு வாசகர்முன் வைக்கிறோம்.

முதலில் 'இயற்கை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எதுவும் சேர்க்காமல் விட்டால் அது தூயது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உடன்குடிப் பக்கத்துப் பனந்தோப்பில் ஒரு நாள் காலை நின்றவர்களுக்கு இந்த எண்ணம் நிலைக்காது. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருந்தால் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு இல்லாமல் இயற்கையின் போக்கில் விட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறும் மனிதரும் ஒருவரே. மனிதன் கை வைத்துச் சேர்த்த சுண்ணாம்புதான் ஹலாலையும் ஹராமையும் பிரிக்கிறது. அந்தச் சுண்ணாம்பும் ஒரு ரசாயனப் பொருளே அன்றோ! கருப்பட்டியின் கதையோ வேறு. பதநீரைக் காய்ச்சும் செலவு கட்டாமல் சீனியைக் கலந்து கருப்பட்டியென விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே சேர்த்த பொருள் நஞ்சல்ல; சேர்த்ததை மறைத்ததுதான் குற்றம்.

(தூத்துக்குடி அங்காடியில் ஒரு நாள் 'ஆர்கானிக் உப்பு' என்று ஒட்டிய பொட்டலத்தைக் கண்டோம். உப்பளத்து ஊரிலேயே இப்படி! உப்பை யார் உரம் போட்டு விளைவித்தார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.)

அடுத்து உரம். நமது மாவட்டத்திற்கு இதில் ஒரு விசித்திரமான இடம் உண்டு. தூத்துக்குடித் துறைமுகம் பெருந்துறைமுகமான 1974க்கு அடுத்த ஆண்டு, 1975இல், அதன் அருகே ஸ்பிக் உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் நின்று, மறுபடியும் ஓடுகிறது. ஆண்டுக்கு ஆறு லட்சம் டன்னுக்கு மேல் யூரியா செய்யும் திறனுடையது. நமது சமுதாயப் பிள்ளைகளும் அங்கே உழைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். அதே மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம். அங்கே 1963இல் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், மழையை மட்டுமே நம்பிய கரிசல்காட்டு ஏழை விவசாயிக்கு விலையுயர்ந்த விதையும் உரமும் மருந்தும் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை என்று மனம் வெறுத்து 1969இல் வெளியேறினார். 2013 டிசம்பரில் மறையும்வரை தமிழகமெங்கும் நடந்து இயற்கை வேளாண்மையைப் பேசிய நம்மாழ்வார்தான் அவர். யூரியா மூட்டையும் அதற்கெதிரான குரலும் ஒரே மாவட்டத்து மண்ணோடு தொடர்புடையவை என்பதை நம்மவர் பலர் அறியார்.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் முஃப்தி அல்ல. ஆனால் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த புதிதில் நடந்த ஒரு செய்தி வழிகாட்டுகிறது. அங்குள்ளோர் பேரீச்சையின் ஆண் பூவை எடுத்துப் பெண் பாளையில் சேர்ப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இதனால் பயன் இருக்கும் எனத் தமக்குத் தோன்றவில்லை என்றார்கள். தோழர்கள் அதை விட்டுவிட, அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கறிந்தவர்கள் என்ற கருத்தில் அப்போது அவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எரு நல்லதா, உப்பு உரம் நல்லதா என்பது சோதித்து அறிய வேண்டிய காரியம். அதற்கு ஃபத்வா கேட்பதில் பொருளில்லை.

சோதித்த ஒரு நாட்டைப் பக்கத்திலேயே கண்டோம். கொழும்பில் உறவில்லாத வீடு நமது ஊரில் எத்தனை? 2019 தேர்தலில், பத்தாண்டுகளில் இயற்கை உரத்திற்கு மாறுவோம் என்று வாக்களித்து வந்த இலங்கை அரசு, 2021ஆம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. அந்நியச் செலாவணி இல்லாத நெருக்கடியும் அதன் பின்னே இருந்தது. மண்ணுக்கும் விவசாயிக்கும் அவகாசமே கொடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தாரும் நெல் விவசாயிகளும் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடை விலகியது. ஆனால் அடுத்த பெரும்போக விளைச்சல் வெகுவாக வீழ்ந்து, அரிசி வெளியிலிருந்து வர வேண்டியதாயிற்று. அப்போது கொழும்பிலிருந்து பேசிய நமது உறவினர் எவரும் இயற்கை அரிசி கிடைக்கவில்லை என்று வருந்தவில்லை. ஏதாவது அரிசி கிடைத்தால் போதும் என்றார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் தொழில் 1913இல் ஜெர்மனியில் தொடங்கியது. இன்று உலகில் உண்போரில் ஏறக்குறையப் பாதிப்பேரின் உணவு அதைச் சார்ந்திருக்கிறது என்பது அறிஞர்கள் போடும் கணக்கு. இதை நஞ்சு என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட முடியுமா?

நமது வீட்டம்மாளின் சர்க்கரை குறைந்ததன் காரணத்தையும் மருத்துவரிடம் கேட்டோம். தவிடு நீக்காத அரிசி மெதுவாகச் செரிக்கும், அதுவே முக்கியக் காரணம், உரம் போட்டதா இல்லையா என்பதல்ல என்றார். இயற்கை முறையில் விளைந்ததில் பூச்சிமருந்தின் எச்சம் குறைவு என்பது சோதனைகளில் தெரிகிறது. சத்தில் பெரிய வேற்றுமை இருப்பது உறுதியாகவில்லை. மூன்றாண்டுகள் நாம் கொடுத்த கூடுதல் விலையில் பெரும்பங்கு தவிட்டுக்கே போயிருக்கிறது!

இவ்வளவையும் கேட்டவர் ஒருவர், "அப்படியானால் எல்லாம் ஒன்றுதான், மலிவானதை வாங்கித் தின்னலாம்" என்று மகிழ்ந்தார். நிற்க. நாம் சொல்ல வந்ததே இனிமேல்தான்.

தமிழில் பூச்சிக்கொல்லிக்கு நாம் இட்ட பெயர் 'மருந்து'. வயலுக்கு மருந்தடிக்கப் போகிறேன் என்பார்கள். மருந்தைத் தெளிப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் அல்லர், கூலிக்கு வருபவர். முதுகில் தெளிப்பான், காலில் செருப்பில்லை, முகத்தில் ஒரு துண்டு. காற்றின் போக்கு மாறினால் புகைபோல அது அவர் முகத்திலேயே அடிக்கும். 2017இல் மராட்டிய மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். பருத்தி தின்னும் பொருளே அல்ல என்பதைக் கவனியுங்கள். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். 2000 வரையில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இது நடந்தது. சுற்றியிருந்த கிராமங்களில் ஊனமுற்றுப் பிறந்த பிள்ளைகளின் துயரை நாடே பார்த்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்தது. முந்திரியைத் தின்றவர்களுக்கு இந்தக் கேடு வரவில்லை. பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு வந்தது.

இங்கேதான் நமது மூன்றாண்டுக் கவலை எவ்வளவு குறுகியது என்று புரிந்தது. நமது தட்டில் நஞ்சு இருக்கிறதா என்று மட்டுமே கேட்டுவந்தோம். பயிர் விளைய யாருடைய நெஞ்சுக்குள் அது போனது என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பிறருக்குத் தீங்கிழைக்கவும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் ஈடுகட்டவும் கூடாது என்ற நபிமொழியை மார்க்க அறிஞர்கள் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். உணவு தய்யிபா என்ற கேள்வி நமது குடலோடு முடிந்துவிடும் கேள்வியா? அது விளைந்த வரப்பிலேயே தொடங்கிவிடுகிறது. 130 ரூபாய் கொடுத்து நம்மை மட்டும் தப்புவித்துக்கொண்டதால், வரப்பில் நின்றவர் தப்பினாரா என்று பார்க்கக் கடமைப்பட்டவர்களாக இருந்தோம், பார்க்கவில்லை.

அங்காடியில் ஒரு நாள், இந்த அரிசி எந்த ஊர் வயல் என்று கேட்டோம். "கம்பெனியிலேர்ந்து வருது பாய், முத்திரை இருக்கு பாருங்க" என்றார் கடைப்பையன். முத்திரையை நாம் குறைத்துப் பேசவில்லை. இயற்கை விளைபொருளுக்கான தேசியத் திட்டம் 2001இல் வந்தது. 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிகளே வகுத்து ஜைவிக் பாரத் முத்திரையைக் கொண்டுவந்தது. ரசாயனம் போட்ட நிலம், ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டாண்டு மாறுதல் காலத்தைக் கடந்தபின்தான் சான்று பெறும். முத்திரை என்பது ஒரு சாட்சியம். காணாதவனுக்காகக் கண்டவன் சொல்லும் சொல். முத்து வாணிகம் செய்த நமது முன்னோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். 1973இல் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவைப் புகுத்தி வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். கடல்முத்தும் வளர்ப்புமுத்தும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலிருக்கும். எக்ஸ்ரேயில்தான் உள்ளே இருப்பது தெரியும். வளர்ப்புமுத்தை வளர்ப்புமுத்து என்று விற்றால் ஹலாலான வியாபாரம். கடல்முத்து என்று விற்றால் மோசடி. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டபோது, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டதும் இதைத்தான். ஈரமான தானியத்தை விற்காதே என்று தடுக்கவில்லை, மறைக்காதே என்றார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நமது ஊரார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைபுரண்டு திருவைகுண்டம், ஏரல் பக்கத்து நெல்லையும் வாழையையும் மண்மூடிப் போட்டது. திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள்தான் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். நமது தெருவில் சமைத்த சோற்றைச் சஹனில் கொட்டி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் சுற்றியிருந்து உண்டோம். நமது வீட்டம்மாளும் அதையேதான் உண்டாள். அந்த இரண்டு மூன்று நாட்களில் நஞ்சு என்ற சொல்லை நமது வீட்டில் யாரும் சொன்னதாக நினைவில்லை. தண்ணீர் வடிந்து, கடைகள் திறந்து, மறுபடியும் அங்காடிக்குப் போனபோது அந்தச் சொல்லும் கூடவே திரும்பி வந்தது.

அந்த வெள்ளத்தில் பிசானப் பயிர் முழுவதையும் இழந்தவர்களில், நமது வீட்டுக்கு வாழைக்காய் கொண்டுவரும் விவசாயி ஒருவரும் உண்டு. கடம்பாகுளத்துப் பாசனத்தில் மூன்று ஏக்கர். அங்காடியில் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டாலென்ன என்று 2024 ஆவணியில் தோன்றியது. ஆறு வீட்டார் சேர்ந்தோம். மருந்தும் உப்பு உரமும் இல்லாமல் பத்து மூட்டை நெல் விளைவித்துத் தர முடியுமா, முழுப்பணத்தையும் முன்னதாகவே தருகிறோம் என்றோம்.

மார்க்கத்தில் இதற்கு ஸலம் என்று பெயர். மதீனாவாசிகள் பேரீச்சைக்கு முன்பணம் கொடுத்து வாங்குவதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு அதை அனுமதித்தார்கள். நாம் சந்தேகம் கேட்டபோது அதே ஆலிம் ஒரு திருத்தம் செய்தார். "இன்ன வயலோட விளைச்சல்தான்னு கட்டாதீங்க. வயல் அழிஞ்சா அவரு காசை நீங்க தின்னதாவோ, உங்க காசை அவரு தின்னதாவோ ஆயிடும். ரகம், எடை, தேதி, தன்மை மட்டும் எழுதுங்க. கிடைக்காமப் போனா, அடுத்த போகம்வரை பொறுங்க. இல்லைன்னா கொடுத்த பணத்தை மட்டும் கூட்டாம குறைக்காம வாங்கிக்கோங்க." அப்படியே எழுதினோம். அம்பை 16 ரகம், 75 கிலோ மூட்டை பத்து, கிலோ 32 ரூபாய். அந்த அமர்விலேயே 24,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தோம். விவசாயி வெகுநேரம் பணத்தைத் தொடாமல் இருந்தார். "விதைக்கு முன்னாடி எனக்குப் பணம் கொடுத்தவங்க எல்லாம் வட்டிக்காரங்கதான் பாய்" என்றார்.

கொழிஞ்சியை மிதித்து, ஆட்டுக்கிடை போட்டு, நட்டார். 2025 மாசியில் அறுவடை முடிந்து நெல் வந்தது. மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு, உட்காராமலே சொன்னார்:

"ஒண்ணு சொல்லணும். தூர் கட்டுற நேரத்துல தண்ணி நின்னு பயிர் மஞ்சளாப் போச்சு. ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா ஒரே தடவை போட்டேன். மருந்து அடிக்கல. சொல்லாம விட்டா உங்களுக்குத் தெரியாது. ஆனா நீங்க நம்பிக் கொடுத்தீங்க."

ஆறு வீட்டாரும் கூடிப் பேசினோம். பேச்சு சுமுகமாக இருக்கவில்லை. "அப்படீன்னா இதுக்கும் கடை அரிசிக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் ஒரு லாத்தா. நிபந்தனை மீறப்பட்டது உண்மை. விலகிக்கொள்ளும் உரிமை வாங்கியவர்களுக்கு உண்டு. இரண்டு வீட்டார் விலகினார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் பங்குப் பணத்தை மற்ற நால்வரும் கொடுத்து அந்த நெல்லையும் எடுத்துக்கொண்டோம். அவித்து, தவிடு அதிகம் போகாமல் அரைத்ததில் 475 கிலோ அரிசி தேறியது. மில் கூலியும் சேர்த்துக் கிலோ 56 ரூபாய் அடங்கியது. விவசாயிக்குச் சந்தை விலைக்கு மேல் கிடைத்தது. கூலிக்காரர் எவரும் முதுகில் தெளிப்பான் சுமக்கவில்லை. பஜார் அரிசியைவிட நமக்கு நான்கு ரூபாய்தான் கூட.

ரமலான் இருபத்தொன்பதில் அஸருக்குப் பின் மறுபடியும் திண்ணையில் அமர்ந்தோம். இந்த முறை ஒரே சாக்குதான். பாதி ஃபித்ராவுக்கு அளந்தோம். மீதி அடுக்களைக்குப் போனது. மகளுக்கு இப்போது பதின்மூன்று. நாழியைத் தலைவாயில் தட்டிச் சமப்படுத்திக்கொண்டே கேட்டாள்:

"வாப்பா, இதுல மருந்து இருக்கா?"

"மருந்து இல்லை. அரை மூட்டை யூரியா இருக்கு."

"அதைச் சொல்லித்தான் கொடுக்கணுமா?"

யோசித்தோம். அரிசி வாங்க வந்த அம்மாவிடம் மகளே சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "எங்க வயல்லயும் போடுறதுதானே கண்ணு" என்று பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இந்த அரிசி வேக நேரமாகிறது, குக்கரில் இரண்டு விசில் கூடுதல் வேண்டும் என்று நமது வீட்டம்மாள் குறைப்பட்டுக்கொள்கிறாள். அடுத்த பிசானத்திற்குப் பத்து மூட்டையா, பதினைந்தா என்று விவசாயி ஆளனுப்பிக் கேட்டிருக்கிறார். விலகிய இரண்டு வீட்டாரில் ஒருவர் திரும்பச் சேருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர் இன்னும் பதில் சொல்லவில்லை.